நீலப்புல் வட்டாரத்துக்கு வெளியே பிறந்த புளூகிராஸ்

அமெரிக்காவின் கென்டக்கி மாநில வரைபடத்தைக் கொடுத்து, புளூகிராஸ் இசை எங்கே பிறந்தது என்று கேட்டால், பெயரை நம்புகிறவர் நேராக லெக்சிங்டன் பக்கம் விரலை வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. லெக்சிங்டன், பாரிஸ், ஜார்ஜ்டவுன் ஊர்களை உள்ளடக்கிய நடுக் கென்டக்கிக்குப் ‘புளூகிராஸ் வட்டாரம்’ என்றுதான் பெயர். ஆனால் அந்த இசைக்குத் தந்தை என்று போற்றப்படும் பில் மன்றோ 1911 செப்டம்பர் 13 அன்று பிறந்தது ரோசின் என்ற சிற்றூரை அடுத்த ஒரு பண்ணையில். ரோசின் லெக்சிங்டனுக்கு மேற்கே, சாலை வழியாகப் போனால் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மேற்கு நிலக்கரிப் பகுதியில் இருக்கிறது. அங்கே நிலம் வேறு, தொழில் வேறு, பணப்புழக்கமும் வேறு.

அந்தப் பக்கத்தில் பெயர்களை நம்பி வழி கேட்க முடியாது என்பது தனிக்கதை. ரோசின் இருக்கும் கவுண்டிக்கு ஒஹாயோ என்று பெயர். ஒஹாயோ ஆறு ஒரு காலத்தில் அதன் வட எல்லையாக இருந்தது. பிறகு புதிய கவுண்டிகளைப் பிரித்தபோது ஆறு அவற்றோடு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ரோசின் என்பதோ ஊர்ப்பெயராகத் தொடங்கியதே இல்லை. அந்த ஊரை நிறுவிய ஹென்றி மெக்ஹென்றியின் மனைவி ஜென்னி டெய்லர் மெக்ஹென்றி கவிதை எழுதுபவர், ‘ரோசின்’ அவருடைய புனைபெயர். புனைபெயர் கொண்ட ஊரில், ஆற்றின் பெயர் கொண்ட ஆறில்லாத கவுண்டியில் பிறந்த ஒருவர், தான் பிறக்காத வட்டாரத்தின் பெயரைத் தன் இசைக்குழுவுக்கு வைத்தார். அந்தப் பெயர் பிறகு ஓர் இசை வகைக்கே ஆகி வந்தது.

முதலில் புல். தாவரவியலில் அதற்குப் போவா பிராட்டென்சிஸ் என்று பெயர், லின்னேயஸ் 1753இல் வைத்தது. ஐரோப்பாவும் ஆசியாவும் அதன் தாயகம். வெள்ளையர் குடியேற்றத்தோடு விதையாகவும் தீவனமாகவும் கடல் கடந்து அமெரிக்கா வந்தது. கம்பர்லாந்து கணவாய் வழியே டேனியல் பூன் 1775இல் வழி திறந்த பிறகு வர்ஜீனியாவிலிருந்து மக்கள் மந்தை மந்தையாகக் கென்டக்கிக்குள் இறங்கினார்கள். அவர்கள் மேய்ச்சலுக்கு விதைத்த புல் நடுக் கென்டக்கியில் வேர் பிடித்த வேகத்தைப் பார்த்து, அது அந்த மண்ணிலேயே முளைத்தது என்று அடுத்த தலைமுறை நம்பத் தொடங்கிவிட்டது. ‘கென்டக்கி புளூகிராஸ்’ என்ற வணிகப் பெயர் அந்த நம்பிக்கைக்கு முத்திரை வைத்தது.

இத்தனைக்கும் அந்தப் புல் பச்சைதான். வெட்டி வெட்டிப் பராமரிக்கும் புல்தரையில் நீலத்தைத் தேடினால் கிடைக்காது. வெட்டாமல் விட்டு இரண்டடி, மூன்றடி வளர்ந்து கதிர் விடும்போதுதான் கதிரில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு சாயை ஓடும். வசந்தத்தின் பிற்பகுதியில், காலை வெயில் சாய்வாக விழும்போது ஒரு மேட்டு நிலம் முழுவதும் அப்படித் தெரியும். ஆண்டின் பெரும்பகுதி பச்சையாக இருக்கும் ஒன்றுக்குச் சில வாரக் கோலத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

அந்த வட்டாரத்துக்கு அடியில் நாற்பத்தைந்து கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. பாறை கரைந்து மண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் வந்து சேர்கின்றன. அவை புல்லுக்குப் போய், புல்லைத் தின்னும் குதிரையின் எலும்புக்குப் போகின்றன. பந்தயக் குதிரை வளர்ப்பு லெக்சிங்டனைச் சுற்றிக் குவிந்ததற்குப் பண்ணைக்காரர்கள் சொல்லும் காரணம் இதுதான். குதிரை வளர்த்தவர்கள் பெரும் பணக்காரர்கள். அந்தப் பண்ணைகளில் 1865 வரை வேலை செய்தவர்களில் பெரும் பகுதியினர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். குதிரை பழக்குவதில் பேர் பெற்றவர்களும், 1875இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியில் வென்ற குதிரையை ஓட்டிய ஆலிவர் லூயிஸும் அந்த மக்களிடமிருந்து வந்தவர்கள்தான்.

செல்வம் அங்கே இருந்ததால் பெயரும் அங்கிருந்து பரவியது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு வட்டாரத்தின் பெயர் முழு மாநிலத்துக்கும் பட்டப்பெயராகி, கென்டக்கி ‘புளூகிராஸ் ஸ்டேட்’ ஆயிற்று. கிழக்கே அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரி வெட்டியவனும், மேற்கே மிசிசிப்பிக் கரையில் பயிரிட்டவனும் அந்தப் பெயருக்குள் வந்துவிட்டார்கள். தெற்கே வேறொரு மூலிகையின் பெயரால் ‘பென்னிரைல்’ என்று அழைக்கப்படும் பகுதியும் உண்டு. அந்தப் பெயர் பாவம், வட்டாரத்தைத் தாண்டவே இல்லை.

கென்டக்கி என்ற சொல்லையும் இங்கே ஒரு வரி பார்த்துவிடலாம். அது இரோகுவோய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சொல், ‘புல்வெளி’ என்ற பொருளுடையது என்பது அறிஞர் பலர் ஏற்கும் கருத்து. மூலம் பற்றி முடிந்த முடிவு இல்லை. அந்தக் கருத்து சரியென்றால், ஐரோப்பியப் புல் வந்து சேர்வதற்கு முன்பே அந்த நாடு புல்வெளிப் பெயரோடுதான் இருந்திருக்கிறது. 1792இல் மாநிலமானபோது பழைய பெயரே நிலைத்தது.

இனி பில் மன்றோ. எட்டுப் பிள்ளைகளில் கடைசி. பார்வைக் கோளாறுள்ள, கூச்ச சுபாவமுள்ள பையன். அண்ணன் பர்ச் ஃபிடிலையும், இன்னோர் அண்ணன் சார்லி கிதாரையும் எடுத்துக்கொண்டார்கள். கடைக்குட்டிக்கு மிஞ்சியது மாண்டலின். அதிலும் சத்தம் அதிகமாகிவிடக் கூடாது என்று எட்டுத் தந்திகளில் நான்கைக் கழற்றிவிட்டு வாசிக்கச் சொன்னார்களாம். பிற்காலத்தில் அரங்கமே அதிரும்படி அந்த வாத்தியத்தை அடித்து வாசித்தவருக்கு இந்தக் கதையைச் சொல்வதில் தனி மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும்.

பத்து வயதில் தாய் மலிசா போய்விட்டார். பதினாறு வயதில் தந்தையும். பையன் தாய்மாமன் பென் வாண்டிவரோடு போய்த் தங்கினான். பென் ஊர் நடனங்களுக்கு ஃபிடில் வாசிப்பவர். இரவில் நடனம் நடக்கும் வீட்டுக்கு மருமகனையும் கூட்டிக்கொண்டு போவார், பையன் பக்கத்தில் உட்கார்ந்து கிதார் போடுவான். தாய்மாமனிடம் கற்றதைப் போலவே அவன் ஆர்னால்ட் ஷுல்ட்ஸிடமும் கற்றுக்கொண்டான். அதே ஒஹாயோ கவுண்டிக்காரர், கறுப்பினத்தவர், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர், கிதாரும் ஃபிடிலும் வாசிப்பவர். புளூகிராஸில் கேட்கும் புளூஸ் சாயலுக்கு ஷுல்ட்ஸ் ஒரு பெரிய காரணம் என்று மன்றோவே சொல்லியிருக்கிறார். ஷுல்ட்ஸ் 1931இல் இறந்தார். அவர் வாசிப்பில் ஒரு பதிவுகூட இல்லை.

வேலை தேடி மன்றோ 1929இல் வடக்கே இந்தியானாவுக்குப் போனார். சிகாகோவை ஒட்டிய ஆலைப் பகுதி. அண்ணன்மார் முன்பே அங்கே போய்விட்டார்கள். சின்கிளேர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய்களோடு மல்லுக்கட்டும் வேலை. கென்டக்கியிலிருந்தும் டென்னசியிலிருந்தும் வந்த இளைஞர்கள் அந்த ஆலை நகரங்களில் நிறைந்திருந்தார்கள். சனிக்கிழமை இரவு சிகாகோ வானொலி ஊர்ப் பாட்டு போட்டது. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஊரின் பெயர் காதில் விழுவதே ஒரு சுகம். கென்டக்கி என்ற சொல்லுக்குச் சந்தை மதிப்பு இருக்கிறது என்பதை மன்றோ சகோதரர்கள் அங்கேதான் கற்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சார்லியும் பில்லும் ‘மன்றோ பிரதர்ஸ்’ என்ற பெயரில் 1936 பிப்ரவரியில் வட கரோலினாவின் சார்லட் நகரில் புளூபேர்ட் நிறுவனத்துக்கு முதல் பதிவு செய்தார்கள். 1938 வரை அறுபது பாட்டுகள். பிறகு அண்ணன் தம்பி பிரிந்தார்கள். பிரிந்தபின் இருவரும் தத்தம் குழுவுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். சார்லி ‘கென்டக்கி பார்ட்னர்ஸ்’. பில் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் முதலில் வைத்தது ‘கென்டக்கியன்ஸ்’. இரண்டு பெயரிலும் மாநிலம் இருக்கிறது. பில்லின் முதல் குழு நிலைக்கவில்லை. அட்லாண்டா போய், செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, கிதாருக்கு ஜார்ஜியாக்காரரான கிளியோ டேவிஸையும், பிறகு ஃபிடிலுக்கு வட கரோலினாவின் ஆர்ட் வூட்டனையும் சேர்த்துப் புதிதாகத் தொடங்கினார். இந்த முறை கென்டக்கி என்ற சொல் இல்லை. அதன் பட்டப்பெயர் வந்தது: ‘பில் மன்றோ அண்ட் ஹிஸ் புளூ கிராஸ் பாய்ஸ்’.

புளூ, கிராஸ் இரண்டும் தனித்தனிச் சொற்களாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். இசைத்தட்டுகளிலும் அப்படியே அச்சிட்டார்கள். கேட்டபோதெல்லாம் அவர் தந்த விளக்கம் எளியது: நான் கென்டக்கிக்காரன், அது புளூ கிராஸ் மாநிலம், அதனால் அந்தப் பெயர். ஆக, அவர் எடுத்தது வட்டாரப் பெயரை அல்ல, மாநிலத்தின் பட்டப்பெயரை. ரோசின்காரருக்கு அதில் முழு உரிமை உண்டு.

ஆனால் அவர் குழுவுக்கு உடுத்திய உடை வேறு சேதி சொல்கிறது. அந்தக் காலத்து ஊர்ப் பாட்டுக் குழுக்கள் கந்தல் தொப்பியும் உழவர் உடையுமாக மேடையேறுவது வழக்கம். பெயர்களும் அப்படியே. நாஷ்வில் நகர வானொலியின் சனிக்கிழமை நிகழ்ச்சியில் ஜார்ஜ் டி. ஹே குழுக்களுக்குப் பெயர் சூட்டுவதை ஒரு கலையாகவே செய்தார். டாக்டர் ஹம்ப்ரி பேட் என்ற மருத்துவரின் குழுவுக்குப் பாஸம் வேட்டைக்காரர்கள் என்று பொருள்படும் பெயர், இன்னொன்றுக்குப் பழச்சாடியில் குடிப்பவர்கள் என்ற பெயர். 1927 டிசம்பரில், மேற்கத்திய சாஸ்திரிய இசை நிகழ்ச்சி முடிந்து தன் முறை வந்தபோது ‘கிராண்ட் ஆபரா’வைக் கேலியாகத் திருப்பி ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று சொன்னவரும் அவரே. அந்தக் கேலிப் பெயர் இன்றும் நிற்கிறது. ‘ஹில்பில்லி’ என்ற வசைச்சொல்லே 1925இல் அல் ஹாப்கின்ஸின் குழுவுக்குப் பெயராகி, பிறகு கால் நூற்றாண்டு ஊர்ப் பாட்டு முழுவதுக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கூட்டத்துக்குள் 1939 அக்டோபரில் ஆப்ரி மேடைக்கு வந்த மன்றோ, தன் ஆட்களைக் கழுத்துப்பட்டை, மேல்நாட்டுத் தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ், குதிரையேற்றக் கால்சட்டை சகிதம் நிறுத்தினார். அந்தக் கால்சட்டைக்கு ஆங்கிலத்தில் ‘ஜோத்பூர்ஸ்’. ராஜஸ்தானத்து ஜோத்பூர்தான். அங்கிருந்து போலோ விளையாட்டு வழியாக இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்கக் குதிரைப் பண்ணைகளுக்குப் போன பெயர். நிலக்கரிச் சீமையில் ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளை, லெக்சிங்டன் குதிரைப் பண்ணை முதலாளியின் கோலத்தில் நின்றார். பெயரை மாநிலத்திலிருந்து எடுத்தேன் என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். கோலத்தை வட்டாரத்திலிருந்துதான் எடுத்தார். எங்களை ஹில்பில்லி என்று சொல்லாதே என்பதை வாய்திறந்து சொல்லாமல் சொன்ன வழி அது என்று நினைக்கிறேன்.

‘பாய்ஸ்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1940களின் நடுவில் அந்தக் குழுவில் அக்கார்டியன் வாசித்தவர் சாலி ஆன் ஃபாரஸ்டர் என்ற பெண். பிற்காலத்தில் பாஸ் வாசித்த பெஸ்ஸி லீ மால்டினும் பெண்தான். பெயரை யாரும் மாற்றவில்லை.

இதுவரை அது ஒரு குழுவின் பெயர். இசைக்கென்று தனி உருவம் வந்தது 1945 டிசம்பரில், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் பாஞ்சோவோடு வந்து சேர்ந்தபோது. பாஞ்சோ ஆப்பிரிக்க மரபிலிருந்து அமெரிக்கா வந்த வாத்தியம். அதுவரை ஆப்ரியில் அதைப் பெரும்பாலும் நகைச்சுவைக்காரர்கள் கையில்தான் பார்த்திருந்தார்கள். ஸ்க்ரக்ஸ் வட கரோலினாவின் ஷெல்பி பக்கத்தவர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் மீட்டுநகம் மாட்டி, விரல்களை முறை மாற்றிச் சுழற்றி வாசித்தார். தாளத்தின் ஓரடிக்குள் சுரங்கள் பொரிந்து விழும். எட்டுச் சுரங்களை மூன்று, மூன்று, இரண்டு என்று அவர் விரல்கள் பிரிக்கும்போது பாட்டின் அழுத்தம் எதிர்பாராத இடத்தில் விழும். மன்றோ தன் மாண்டலினில் தாளத்தின் இடையடியை மட்டும் ‘சக்’ என்று வெட்டி அடிப்பார், ஒலி நீளாமல் உடனே அடக்கிவிடுவார். குழுவில் முரசு கிடையாது, அந்த வெட்டுதான் முரசு. கிதாரும் குரலும் லெஸ்டர் ஃப்ளாட், டென்னசிக்காரர். ஃபிடிலில் சப்பி வைஸ், பாஸில் ஹோவர்ட் வாட்ஸ், இருவரும் ஃப்ளோரிடா. ஐந்து பேரில் கென்டக்கிக்காரர் ஒரே ஒருவர். அவர்கள் 1946 செப்டம்பரில் கொலம்பியா நிறுவனத்துக்குப் பதிவு செய்தது சிகாகோவில். ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’ அந்தப் பதிவில் வந்ததுதான். டென்னசி வானொலியில் ஒலித்து, இல்லினாயில் பதிவாகி, நான்கு மாநிலத்தார் சேர்ந்து வாசித்த இசைக்குக் கென்டக்கி முகவரி. புல்லுக்கு நடந்ததுதான் பாட்டுக்கும் நடந்தது.

இந்த இடத்தில் நம் இலக்கணக்காரர்களைத் துணைக்கு அழைக்கலாம். ‘கார் அறுத்தான்’ என்பதை மும்மடியாகுபெயருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கார் என்ற கருநிறம் மேகத்துக்கு ஆகி, மேகம் பொழியும் பருவத்துக்கு ஆகி, அந்தப் பருவத்தில் விளையும் நெல்லுக்கு ஆனது. புளூகிராஸும் நிறத்தில் தொடங்கிப் புல்லுக்கு, புல் விளையும் வட்டாரத்துக்கு, வட்டாரம் அடங்கிய மாநிலத்துக்கு, மாநிலத்தான் நடத்திய குழுவுக்கு என்று படிப்படியாக ஆகி வந்திருக்கிறது. இதுவரை கணக்கு சரி. அடுத்த படி, குழுவிலிருந்து இசைக்கு, ஆகுபெயரால் மட்டும் நடக்கவில்லை. அதற்கு ஒரு சண்டை தேவைப்பட்டது.

ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் 1948இல் மன்றோவை விட்டு விலகி ‘ஃபாகி மவுண்டன் பாய்ஸ்’ என்று தனிக்குழு தொடங்கினார்கள். அதே ஆண்டு வர்ஜீனியாவின் ஸ்டான்லி சகோதரர்கள், மன்றோ வானொலியில் பாடிக்கொண்டிருந்த ‘மோலி அண்ட் டென்புரூக்ஸ்’ பாட்டை அவர் பாணியிலேயே பதிவு செய்து, அவருடைய சொந்தப் பதிவு கடைக்கு வருவதற்கு முன்பே வெளியிட்டுவிட்டார்கள். ஒரு குழுவின் வாசிப்பு பலர் பின்பற்றும் பாணியாகிவிட்டது என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் முதல் சாட்சி இந்த இசைத்தட்டு. பாட்டின் பொருளைப் பாருங்கள்: 1878 ஜூலை 4 அன்று லூயிவில் நகரில் டென் புரோக் என்ற கென்டக்கி ஆண் குதிரைக்கும் மோலி மெக்கார்ட்டி என்ற கலிஃபோர்னியாப் பெண் குதிரைக்கும் நடந்த பந்தயம். சேறாகிக் கிடந்த நான்கு மைல் ஓட்டத்தில் டென் புரோக் வென்றது. லெக்சிங்டன் சீமையின் குதிரைப் பெருமை, அந்தச் சீமையைச் சேராதவர்கள் வாயிலாக, அந்தச் சீமையின் பெயர் தாங்கிய இசைக்குள் வந்து சேர்ந்தது.

மன்றோவுக்குக் கோபம் வந்தது. ஸ்டான்லி சகோதரர்களைக் கொலம்பியா எடுத்துக்கொண்டதும் அவர் அந்த நிறுவனத்தைவிட்டு டெக்காவுக்குப் போனார். ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ் இருவரோடும் பேச்சே நின்றுபோயிற்று. ஃப்ளாட்டும் மன்றோவும் மறுபடி கைகொடுத்துக்கொண்டது 1971இல், இந்தியானாவில் பீன் பிளாஸம் விழாவில்.

இந்தப் பேச்சில்லாக் காலத்தில்தான் சொல் பிறந்தது. ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ் குழுவில் மாண்டலின் வாசித்த எவரெட் லில்லி பிற்காலத்தில் தந்த விளக்கம் இது. கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு மன்றோவோடு இவர்கள் பாடிய பழைய பாட்டுகள் வேண்டும். ஆனால் மன்றோவின் பெயரை இவர்கள் முன்னால் எடுத்தால் முகம் மாறும். அதனால் பெயரைச் சொல்லாமல், பழைய ‘புளூ கிராஸ்’ பாட்டு ஒன்று பாடுங்களேன் என்று கேட்டார்களாம். கணவன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்து மனைவி, பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாரின் அப்பா என்று குறிப்பிடும் அதே நுட்பம். இதற்கு இலக்கணத்தில் வேறு பெயர் இருக்கிறது: குழூஉக்குறி. விஷயம் தெரிந்தவர் விஷயம் தெரிந்தவரிடம் சொல்லும் மறைசொல். மறைக்க வேண்டிய காரணம் போனபின்னும் சொல் நின்றுவிட்டது. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருப்பதற்குக் காரணம், இதில் வாத்தியக்காரர்கள் யாரும் பெயர் வைக்கவில்லை, கேட்டவர்கள் வைத்தார்கள் என்பதுதான். வானொலி அறிவிப்பாளர்களும் தபாலில் பாட்டு கேட்டு எழுதியவர்களும் 1950களில் இதைப் பரப்பினார்கள்.

அச்சுக்கு வந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில். ஃபோக்வேஸ் நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஒரு தொகுப்பு இசைத்தட்டின் தலைப்பிலேயே ‘புளூகிராஸ் பாணி’ என்று இருந்தது. அதே ஆண்டு நாட்டார் இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் ‘எஸ்குவயர்’ இதழில் இந்த இசையைப் பற்றி எழுதி நகரத்துப் படிப்பாளிகளுக்கு அறிமுகம் செய்தார். இதற்கிடையே 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’யைத் துள்ளல் நடையில் பாடிவிட்டார். மன்றோ சளைக்காமல் இரண்டே மாதத்தில் தன் பாட்டைத் தானே மறுபதிவு செய்தார், மூன்றடித் தாளத்தில் தொடங்கிப் பாதியில் நான்கடி வேகத்துக்குத் தாவும்படி.

இனி யாருக்கு உரிமை என்ற கேள்வி எழாமல் இருக்குமா? நகரத்து நாட்டார் இசை ரசிகர்கள் பாஞ்சோவைக் கேட்டுவிட்டு ஸ்க்ரக்ஸைத்தான் கொண்டாடினார்கள். ரால்ஃப் ரின்ஸ்லர் 1963இல் ‘சிங் அவுட்’ இதழில் எழுதிய கட்டுரை அதற்கு மறுப்பு. இந்த இசைக்கு அப்பன் பில் மன்றோ என்று தலைப்பிலேயே சொன்னார், பிறகு அவருக்கு நிர்வாகியாகவும் ஆனார். 1965 செப்டம்பரில் வர்ஜீனியாவின் ஃபின்காசில் அருகே கார்ல்டன் ஹேனி நடத்திய மூன்று நாள் விழாவில், முன்பு மன்றோ குழுவில் இருந்தவர்கள் காலவரிசைப்படி ஒவ்வொருவராக மேடையேறி அவரோடு வாசித்தார்கள். வம்சாவளி ஒன்றை மேடையிலேயே எழுதிக் காட்டியது போலாயிற்று. மறு ஆண்டே ‘புளூகிராஸ் அன்லிமிடெட்’ என்று ஒரு பத்திரிகை. அதன் பெயரில் இரண்டு சொல்லும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. மன்றோ குழு கடைசிவரை ‘புளூ கிராஸ்’ என்று பிரித்தே எழுதியது. பிரித்து எழுதினால் அவர் குழு, சேர்த்து எழுதினால் எல்லோருக்குமான இசை. ஓர் இடைவெளியில் அத்தனை வேறுபாடு. அவர் 1996 செப்டம்பர் 9 அன்று, எண்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னால் இறந்து, ரோசினிலேயே அடக்கமானார்.

மாநிலம் தாமதமாகத்தான் விழித்தது. கென்டக்கிக்கு 1928 முதல் அதிகாரப்பூர்வ மாநிலப் பாட்டு ஒன்று இருந்தது. ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’யை மாநிலத்தின் புளூகிராஸ் பாட்டாகச் சட்டமன்றம் அறிவித்தது 1988இல். புளூகிராஸ் இசைக்கான அருங்காட்சியகம் ஒஹாயோ ஆற்றங்கரையில் ஓவன்ஸ்பரோ நகரில் இருக்கிறது. அதுவும் மேற்கு கென்டக்கி, புல் வட்டாரத்துக்கு வெளியேதான். புல்லின் விதை வணிகமும் நடுக் கென்டக்கியில் இல்லை. ஒரு காலத்தில் ஜூன் மாதத்தில் கதிர் உருவும் பொறிகளை இழுத்துக்கொண்டு வயல் வயலாகப் போனவர்கள் அந்தத் தொழிலை விட்டு வெகு காலமாகிறது. ‘கென்டக்கி புளூகிராஸ்’ என்று பையில் அச்சிட்டு விற்கும் விதை இன்று பெரும்பாலும் வாஷிங்டன், ஐடஹோ, ஓரிகன் மாநிலங்களில் விளைகிறது.

வெளிநாட்டில் சொல் இன்னும் இலகுவாயிற்று. செக் நாட்டில் இந்த இசைக்குப் பெரிய கூட்டம் உண்டு. அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் 1964இல் பிராக் நகரில் பாஞ்சோ வாசித்த பிறகு, அந்த வாத்தியத்தைப் படத்தைப் பார்த்தே செய்யப் பழகினார்கள். கோபிட்ல்னோ ஊரில் 1970களின் தொடக்கத்திலிருந்து ஒரு பாஞ்சோ விழாவும் நடத்திவந்தார்கள். அவர்கள் பேச்சில் புளூகிராஸ் என்றால் இசை மட்டுமே. அதே புல் அவர்கள் வயல்வெளியில் ஆதியிலிருந்து முளைக்கிறது, அதற்கு அவர்கள் சொல் ‘லிப்னிட்சே லுச்னி’.

அமெரிக்காவிலோ சொல்லை உடைத்துப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சாம் புஷ்ஷும் நண்பர்களும் 1971இல் லூயிவில் நகரில் ‘நியூ கிராஸ் ரிவைவல்’ என்ற குழுவைத் தொடங்கி, நீண்ட முடியும் மின்சார பாஸும் ராக் பாட்டுமாகப் பழைய ரசிகர்களைக் கலவரப்படுத்தினார்கள். அதிலிருந்து ‘நியூகிராஸ்’. பிறகு ஜாம்கிராஸ், ஜாஸ்கிராஸ் என்று வரிசை நீண்டது. நிறம் கழன்றுவிட்டது. புல் என்ற பாதி தனியாகவே பாஞ்சோவும் மாண்டலினும் சேர்ந்த ஒலியைக் குறிக்கும் விகுதியாகிவிட்டது. இந்த முறை கென்டக்கிச் சட்டமன்றம் சுதாரித்துக்கொண்டது. 2010இல் சாம் புஷ்ஷை நியூகிராஸின் தந்தை என்றும், அவர் சொந்த ஊரான பவுலிங் கிரீனை நியூகிராஸ் பிறந்த இடம் என்றும் அறிவித்தது. குழு தொடங்கிய லூயிவிலாவது புல் வட்டாரத்தின் மேற்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. பவுலிங் கிரீன் இருப்பது பென்னிரைல் பகுதியில்.